ஏழாவது வரியும் முதல் அடியும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும்,

உங்களுக்குக் கொடுத்த கையேட்டின் நான்காம் பக்கத்தில் "முதல் அடி" என்று ஒரு பகுதி இருக்கிறது. நம்மிடம் நகை செய்யச் சொல்பவர் பட்டறைக்கு வந்து, சின்ன உளியையும் சுத்தியலையும் கையில் வாங்கி, தன் நகையின் மேல் முதல் அடியைத் தானே அடிப்பார். அதற்குப் பிறகுதான் பத்தர் வேலையைத் தொடங்குவார். இதையெல்லாம் விளக்கிவிட்டு, கடைசியில் சாய்வெழுத்தில் "இது எங்கள் இல்லத்தின் மரபு" என்று போட்டிருக்கும். அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்தான். நம் கடைக்கு வயது ஆறு. ஆறு வயதில் மரபு வருமா? பல் விழும்.

அது மரபு இல்லை, விபத்து. அதுவும் என் கையெழுத்தில், என் செலவில், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய விபத்து. ஷோரூமில் இன்றோடு என் வேலை முடிகிறது. நாளையிலிருந்து பட்டறையைப் பெரிதாக்கும் பொறுப்பு. "முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெறுகிறேன்" என்று என் கூட்டாளி நசீரிடம் சொன்னேன். "பென்ஷன் கேக்காம இருந்தா சரி" என்றான். பென்ஷன் கேட்கப் போவதில்லை. ஆனால் போவதற்கு முன்னால் அந்த விபத்தை முழுசாகச் சொல்லிவிட வேண்டும். கையேட்டை மட்டும் படித்துவிட்டு ஷோரூமில் நின்றால் நீங்களும் என்னைப் போலவே ஆகிவிடுவீர்கள். அது ஊருக்கு நல்லதில்லை.

இன்றைக்கு நீங்கள் பார்க்கும் மாமல்லபுரம் சாலைக் கடை, கடல் தெரியும் கண்ணாடி, வாசலில் சலாம் போடும் ஆள், இதெல்லாம் பிறகு வந்தவை. நாங்கள் ஆரம்பித்தது செங்கல்பட்டில், நசீரின் அத்தா, அதாவது அவன் அப்பா, வைத்திருந்த சூட்கேஸ் கடைக்கு மேல் மாடியில். நானும் நசீரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் அதற்கு மேல் மேலாண்மை வேறு படித்திருந்தேன். எங்கள் ஆடம்பர நகைக் கடைக்கு வர வேண்டுமானால் இருபத்தெட்டு டிராலி பெட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து, தொங்கும் ஸ்கூல் பைகளைத் தலையால் விலக்கி, செங்குத்தான படியில் ஏற வேண்டும். அத்தா கீழே கல்லாவில் உட்கார்ந்தபடி வருகிற எல்லோரையும் வழியனுப்புவார்: "பொட்டின்னா கீழ, நகைன்னா மேல. ரெண்டும் வேணும்னா மொதல்ல மேல போய்ட்டு வாங்க."

எங்களிடம் இருந்த ஒரே சொத்து ஒரு யோசனை. மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். பாறை முழுக்க உளி கொத்திய தடம் வரிசை வரிசையாக நிற்கும். வருகிறவர்கள் முடிந்த சிற்பத்தைப் போட்டோ எடுப்பார்கள். முடியாத பாறையைக் கையால் தடவுவார்கள். ஒரு மதியம் முழுக்க நின்று இதைப் பார்த்தேன். மறுநாள் நசீரிடம் சொன்னேன்: பளபளப்பே இல்லாத தங்கம். உளித் தடம் மட்டும். தடவிப் பார்க்கத் தோன்றும் நகை. ஒரு பத்தரைப் பிடித்து உள்ளங்கை அகலத்தில் ஒரு மாதிரித் தகடு செய்துகொண்டோம். நம் பத்தர்தான், இப்போதும் பட்டறையில் இருக்கிறார், கிரிக்கெட் ஸ்கோர் சொல்லாமல் வணக்கம் சொல்ல மாட்டார். அந்தத் தகட்டோடு கடையைத் திறந்து நாற்பது நாள் ஈ ஓட்டினோம்.

நாற்பத்தோராம் நாள் பவித்ரா வந்தாள். கருங்குழிப் பெண். மறைமலை நகர் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் பத்துப் பேருக்கு மேலே டீம் லீடர். கல்யாணத்துக்கு அவள் சம்பளத்தில் அவளே வாங்கப்போகும் ஒரே ஒரு நகை. கூடவே அவளுடைய அத்தை.

அத்தை உட்கார்ந்ததும் கேட்டது: "எத்தினி சவரன்?"

நான் படித்திருந்தேன் இல்லையா? ஆடம்பரக் கடையில் எடை பேசக்கூடாது, கலை பேச வேண்டும் என்று பாடம். அதனால் தராசை உள்ளறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். அழகாகப் புன்னகைத்து, "இங்கே நாங்கள் எடை பேசுவதில்லை அம்மா. இது கலை" என்றேன்.

அத்தை பவித்ராவைப் பார்த்தார். "ஏந்திரிடி. தராசு இல்லாத நகைக் கடை, மீட்டரு இல்லாத ஆட்டோ."

அப்போது மேலே டீ கொண்டுவந்த நசீரின் அத்தா இதைக் கேட்டுவிட்டார். வாடிக்கையாளர் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ரத்தம் இல்லை அது. "இரும்மா, ஒரு நிமிஷம்" என்று கீழே ஓடினார். வரும்போது கையில் ஒரு தராசு. விமானத்துக்குப் போகிறவர்கள் சூட்கேஸை மாட்டித் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு. நான் தடுப்பதற்குள் மாதிரித் தகட்டை ஒரு துணிப்பையில் போட்டு, கொக்கியில் மாட்டி, உயரத் தூக்கிக் காட்டினார்.

முள் அசையவில்லை.

"ஒன்னியுமே காட்டலியே" என்றார் அத்தை.

"இது அஞ்சு கிலோவுக்கு மேலதான் காட்டும்" என்றார் அத்தா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "அஞ்சு கிலோவுக்கு வாங்குங்க, காட்டும்."

பவித்ரா சிரித்த சிரிப்பில் படியிலிருந்த இரண்டு ஸ்கூல் பைகள் விழுந்தன என்று நசீர் இன்றும் சொல்கிறான். நான் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து உண்மையான தராசை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். அன்றிலிருந்து அது மேசையை விட்டு நகரவில்லை. உங்கள் மேசையிலும் இருக்கிறது, நகர்த்தாதீர்கள்.

சிரித்து முடித்த பவித்ரா தகட்டை எடுத்தாள். கட்டை விரலால் மெதுவாகத் தடவினாள். ஒரு முறை, இன்னொரு முறை. பாறையைத் தடவுகிறவர்கள் செய்கிற அதே காரியம்.

அத்தையும் எட்டிப் பார்த்தார். "இன்னாமா இது? புதுசுலயே கீறல் வுழுந்து கீது?"

"அதான் அத்தே வேணும் எனக்கு."

"கல்யாணத்துக்கு எல்லாரும் பாப்பாங்கடி. பளபளன்னு ஆரம் எடுத்துக்கினு வராம, சொரண்டின தகடு எடுத்துக்கினு வந்தா இன்னா சொல்லுவாங்க?"

"சொல்லட்டும்."

கழுத்தை ஒட்டிப் படியும் அகல அட்டிகை ஒன்று, முழுக்க உளித் தடம். அதுதான் எங்கள் முதல் பெரிய ஆர்டர். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை காலை, மதுராந்தகத்தில். படியிறங்கும்போது பவித்ரா மட்டும் திரும்பி வந்து மெல்லச் சொன்னாள்: "எங்க அத்தைகிட்ட நான் ஜெயிச்ச ஒரே சண்டை இது. அசிங்கப்படுத்திராதீங்க."

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வேண்டியிருந்தது நகை மட்டும் இல்லை. மண்டபத்தில் அத்தைக்கு எதிரே நிமிர்ந்து நிற்கிற உரிமை.

இனி ஏழாவது வரி. இந்த நாட்களில் ஒரு சின்ன மோதிரம் எங்கள் கடையிலிருந்து மெழுகுக் கறையோடு வெளியே போய்விட்டது. வாங்கியவர் திட்டினார். எனக்கு ரோஷம். ஒரே இரவில் தரக் கட்டுப்பாட்டு நிபுணராகி, ஏழு வரியில் ஒரு சோதனைப் பட்டியல் எழுதினேன். லேமினேட் செய்தேன். போதவில்லை என்று சட்டம் போட்டேன். ஏழாவது வரி, தடித்த எழுத்தில்: "கீறல், தழும்பு, மங்கல் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் உடனே பாலிஷுக்குத் திருப்பவும். விதிவிலக்கு இல்லை."

"விதிவிலக்கு இல்லை" என்பதைச் சேர்க்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பெரிய கம்பெனி நடத்துகிற மாதிரி இருந்தது.

பட்டியலைப் பின்பற்ற ஆள் வேண்டுமே. தேவி அக்காவைச் சேர்த்தோம். படாளத்துக்காரர். பதினோரு வருஷம் கார் உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலையில், ஓடும் பட்டையின் முன்னால் நின்று, வருகிற பாகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துத் தனியே போடுகிற வேலை. நேர்காணலில் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூணு கீறல் கீது மேடம், ஒன்னு மூடிக்கு அடில" என்றார். அப்போதே வேலை கொடுத்துவிட்டேன். செங்கல்பட்டைச் சுற்றி இத்தனை தொழிற்சாலை இருக்கும்போது இப்படி ஒரு கண்ணை வேறு எந்த நகைக் கடையாவது தேடியிருக்குமா என்று நசீரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

பத்தர் பத்தொன்பது நாள் உட்கார்ந்து அட்டிகையை முடித்தார். புதன் மாலை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுநாள் மேட்ச் இருக்கிறது என்று லீவு போட்டார். வியாழன் காலை நான் ஒரு கல்லூரிக்குப் பேசப் போனேன். தலைப்பு என்ன என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன்: "சின்ன விஷயங்களில் கவனம்." நசீர் ஹால்மார்க் முத்திரைச் சான்று விஷயமாகச் சென்னை போயிருந்தான். கடையில் தேவி அக்கா, பாலிஷ் மோட்டார் ஓட்டுபவர், அட்டிகை, சுவரில் என் ஏழு வரி.

மதியம் இரண்டரைக்கு மாலையும் பொன்னாடையுமாகத் திரும்பி வந்தேன். தேவி அக்கா முகத்தில் அவ்வளவு வெளிச்சம். பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து திறந்தார்.

"பாருங்க மேடம். ஒரு கீறல் இல்ல."

பெட்டிக்குள் என் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. பல் கூடத் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு நல்ல பாலிஷ்.

"எம்மாங் கீறல் தெரியுமா மேடம்! எண்ணிக்கினே வந்தேன், நானூறுக்கு மேல எண்ண முடியல. எங்க கம்பெனியா இருந்தா அந்த பேட்ச்ச அப்டியே ரிஜெக்ட் பண்ணிருப்பாங்க. அந்த மோட்டார் அண்ணன் கூட, பத்தர் செஞ்சது, வுட்டுரலாம்னு சொன்னாரு. நான்தான் விதிவிலக்கு இல்லன்னு போட்டு கீது பாருன்னு காட்டினேன். சோறு கூட துன்னல, கூடவே நின்னு முடிச்சேன்."

நான் பொன்னாடையோடு தரையில் உட்கார்ந்தேன். தேவி அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், இன்னும் எங்கனா கீதா?" என்றார்.

கீறல் வடிவமைப்பு என்பதை யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த யாராவது நான்தான். கல்லூரியில் இருநூறு பேருக்குச் சொன்னேன், கடையில் இருந்த ஒருவருக்குச் சொல்லவில்லை.

நசீர் மூன்று மணிக்கு வந்தான். அதற்குள் மேட்சைப் பாதியில் விட்டுவிட்டு பத்தரும் வந்துவிட்டார். அட்டிகையைக் கையில் வாங்கினார். முன்னும் பின்னும் பார்த்தார். அவர் வாழ்க்கையில் ஸ்கோர் சொல்லாமல் பேச ஆரம்பித்த ஒரே நாள் அது.

"பத்தொன்பது நாளு" என்றார். அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது, வெட்கமாக இருந்தாலும். எனக்கு உடனே ஒரு வழி தோன்றியது. ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

"நசீர், இதை வேற மாதிரி சொல்லலாம். உளித் தடம் வரிசைக்கு அடுத்து, இன்னும் உயர்ந்த வரிசை. பாறை முழுமை அடைஞ்ச நிலை. 'கண்ணாடி' வரிசை. அவளுக்கு மட்டும், முதல் முறையா, கூடுதல் செலவே இல்லாம…"

நசீர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

"பேரு வெக்க நீ யோசிக்கக் கூட இல்ல, பாத்தியா? அதான் எஸ்தரு எனக்கு பேஜாரா கீது."

"அப்ப என்னதான் பண்ண சொல்ற?"

"போன் போடு."

"போன்ல என்ன சொல்ல?"

"இன்னா நடந்துதோ அத்த சொல்லு. புதுசா ஒன்னியும் கண்டுபுடிக்காத."

"பத்தர் முடிஞ்சவரை திருப்பி அடிச்சுப் பார்க்கட்டும், அப்புறம் சொல்லலாமே?"

"சனிக்கெழம சாய்ங்காலம் சொன்னா அவ இன்னா பண்ணுவா? அழுவா. இப்ப சொன்னா திட்டுவா. திட்டறதுக்கு டைம் குடு அவளுக்கு."

போன் போட்டேன். கல்யாண லீவுக்கு முன்னால் அவளுக்கு அதுதான் கடைசி வேலை நாள். "மீட்டிங்ல இருக்கேன், பத்து நிமிஷம்" என்று வைத்தாள். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் எட்டு விளக்கங்கள் தயார் செய்தேன். அவள் திரும்பக் கூப்பிட்டபோது எட்டும் மறந்துவிட்டது. "உங்க அட்டிகைய பாலிஷ் பண்ணிட்டோம். தடம் முழுக்கப் போயிருச்சு" என்றேன். அந்தப் பக்கம் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

நாலு மணிக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. பெட்டியைத் திறந்து, கட்டை விரலை வைத்து இழுத்தாள்.

"வழுக்குது" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைத் திட்டு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதோட நான் மண்டபத்துல நின்னா எங்க அத்தை இன்னா கேக்கும் தெரியுமா? கீறல் இருந்தப்பவாவது ஒரு இது இருந்துச்சு. இப்ப இது வெறும் தகடு. எவர்சில்வர் தட்ட வளைச்சு மாட்டுன மாதிரி கீது." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் எதிரொலித்தது. "யார் பண்ணது இத்த?"

தேவி அக்கா முன்னால் வந்தார். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "நான்தாம்மா."

எனக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்பாடா என்று இருந்தது. பொய் சொல்லமாட்டேன். வேறு யாரோ கையைத் தூக்கிவிட்டார்கள், நான் தப்பித்தேன். உங்களுக்கும் அந்த நொடி வரும். தொழிலில் அதிகம் பளபளக்கிற நொடி அதுதான்; தயவுசெய்து அதன் அருகே போகாதீர்கள்.

"இல்ல" என்றேன். "நான் எழுதினது. அதோ."

பவித்ரா சுவரின் அருகே போனாள். ஏழு வரியையும் படித்தாள். ஏழாவதை மட்டும் சத்தமாகப் படித்தாள். "விதிவிலக்கு இல்லை" வந்ததும் நிறுத்தி, முதன்முறையாக ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"இது யாரு, நீங்களா எழுதினது?"

"ஆமா."

"அப்ப இவங்க மேல தப்பே இல்ல. குடுத்த ஸ்பெக் படி கரெக்டா டெஸ்ட் பண்ணிருக்காங்க. என் டீம்ல இப்படி ஒருத்தர் இல்லையேன்னுதான் நான் அழறேன்." தேவி அக்காவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க எதுக்கு பயப்படறீங்க? ஸ்பெக் எழுதினவங்கதான் பயப்படணும்."

பயந்தேன்.

"இப்ப இன்னா பண்றது?" என்று எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டாள்.

நசீர் மறைக்காமல் சொன்னான். பாலிஷில் எடையும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுப் பணத்தையும் இப்போதே திருப்பித் தருகிறோம், வேறு கடையில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பத்தரைத்தான் கேட்க வேண்டும்.

பத்தர் அட்டிகையை வெளிச்சத்தில் பிடித்தார். "தகடு தாங்கும். ஆனா முழுசா அடிக்க முடியாது. சனிக்கெழம மதியத்துக்குள்ள நடுவுல ஒரு நாலு வெரக்கட அகலம் அடிக்கலாம். ரெண்டு பக்கமும் இப்டியேதான் இருக்கும், வழவழன்னு."

"பாதி வேலையா?" என்றாள் பவித்ரா.

"மாமல்லபுரத்துல இருக்கறதே பாதி வேலைதானேம்மா" என்றார் பத்தர். "ஒரு பக்கம் செதுக்கி கீது, ஒரு பக்கம் வுட்டு கீது. யாருனா பணத்த திருப்பிக் கேட்டாங்களா?"

நான் ஒரு மதியம் முழுக்க நின்று கண்டுபிடித்த தத்துவத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பவித்ரா சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தாள். அட்டிகையின் வழவழப்பான ஓரத்தையும் நடுவையும் விரலால் அளந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க இருந்து ஆரம்பிப்பீங்க?" என்றாள்.

"நீயே சொல்லும்மா."

"நானே ஆரம்பிக்கட்டுமா?"

பத்தருக்குப் புரியவில்லை. புரிந்ததும் உளியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். நிஜமாகவே ஒளித்தார். "இன்னாமா வெளயாட்டா? தங்கம் இது."

"என் தங்கம்தானே?"

"கை வழுக்கிச்சுன்னா?"

"ஏற்கெனவே இதுக்கு நடக்கக் கூடாதது எல்லாம் நடந்தாச்சு. இன்னும் என்ன ஆகப் போகுது? நாளைக்குக் காலைல கையில மருதாணி வெச்சிருவாங்க, அப்புறம் சுத்தி புடிக்க முடியாது. இப்பதான்."

பத்தர் என்னைப் பார்த்தார். நான் நசீரைப் பார்த்தேன். நசீர் சுவரிலிருந்த ஏழு வரியைப் பார்த்தான். அதில் இதற்கு வரி இல்லை.

"குடுங்க அண்ணாத்த" என்றான்.

முதலில் ஒரு செப்புத் தகட்டில் பழக விட்டார் பத்தர். பவித்ரா பத்து அடி அடித்தாள். ஒன்று கூட நேராக இல்லை. இரண்டு மேசையில் விழுந்தது. பத்தர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். பிறகு அட்டிகையை ஆடாமல் இருக்க அரக்குக் கட்டையில் பதித்து, அவள் முன்னால் வைத்தார். பாலிஷ்காரர் மோட்டாரை நிறுத்தினார். கீழே யாரோ பெட்டியின் சக்கரத்தை உருட்டிப் பார்க்கும் சத்தம் மட்டும்.

டொக்.

ஆழமான அடி. சாய்ந்த அடி. நேர் நடுவில் இல்லை, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி. கண்ணாடி மாதிரி இருந்த தங்கத்தில் ஒரே ஒரு தழும்பு. எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

"என் அடி மாதிரி இல்லியே இது" என்றார் பத்தர் வருத்தமாக.

"உங்களுக்கா கல்யாணம்?" என்றாள் பவித்ரா. அப்போதுதான் சிரித்தாள். கட்டை விரலை அந்தத் தழும்பின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "அத்தைக்குத் தெரிய வேணாம், நானே சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பத்தர் அந்தக் கோணல் அடியை நடுவில் வைத்து, அதைச் சுற்றி மற்றதை அடித்தார். அது சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தன்னுடைய அடிகளையும் அதே சாய்வுக்குக் கொண்டுவந்தார். இதை அவராகச் சொல்லவில்லை, நான் பார்த்துக் கண்டுபிடித்தேன். தேவி அக்கா ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார், கையில் லென்ஸ்.

"அண்ணே, இங்க ஒரு எடம் பளபளன்னு கீது."

"அது ஓரம்க்கா."

"ஓரம் இல்ல, உள்ள. ரிஜெக்ட்."

பத்தர் என்னிடம் வந்து, இந்த அம்மாவை ஒரு மணி நேரம் டீ குடிக்க அனுப்பு என்று கெஞ்சினார். அனுப்பவில்லை. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு, பெட்டியை மூடும் முன்னால், தேவி அக்கா ஒரு பேனாவை எடுத்துப்போய்ச் சட்டத்தின் கண்ணாடி மேலேயே ஏழாவது வரியின் "விதிவிலக்கு இல்லை"யை அடித்துவிட்டு, "கேட்டுட்டுப் பண்ணவும்" என்று எழுதினார். அந்தச் சட்டம்தான் இப்போது நம் பட்டறை வாசலில் தொங்குவது. பேனா மை அழிந்தபோது அவரே இரண்டு முறை மேலே எழுதிவிட்டார். தரம் பார்க்கும் பிரிவுக்கே இன்று அவர்தான் தலைவி. உங்களில் மூன்று பேர் அவரிடம்தான் வேலை பார்க்கப் போகிறீர்கள். கைப்பேசியைக் காட்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகத்துக்கு நானும் நசீரும் போனோம். மூன்றாவது வரிசை. சாப்பாட்டுக் கூடத்தில் நாஸ்தா வாசனை வந்தும் நசீர் எழவில்லை என்றால், அவனுக்கு எவ்வளவு பதற்றம் என்று புரிந்துகொள்ளுங்கள். பவித்ரா மேடைக்கு வந்தாள். கழுத்தில் அட்டிகை. இரண்டு பக்கமும் வழவழப்பு வெளிச்சத்தைப் பிடித்தது, நடுவில் உளித் தடம் அதை வாங்கி வைத்துக்கொண்டது. நான் திட்டமிட்டிருந்ததைவிட நன்றாக இருந்தது; அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

தாலி கட்டி முடிந்து கூட்டம் கலைந்தபோது அத்தை மேடையேறி அவள் பக்கத்தில் நின்றார். நாங்களும் பரிசுக் கவரோடு பின்னாலேயே நின்றோம். அத்தை கண்ணைச் சுருக்கி அட்டிகையைப் பார்த்தார்.

"இன்னாடி இது? நடுவுல இம்மாம் பெருசா கோணலா அடிபட்டு கீது?"

"அது நான் அடிச்சது அத்தே."

"நீயா?"

"பட்டறைக்குப் போய், சுத்தி புடிச்சு, நானே."

அத்தை மெல்லக் கையை நீட்டிக் கட்டை விரலால் அந்தத் தடத்தைத் தடவினார். ஒரு முறை, இன்னொரு முறை.

"நம்ம வூட்ல வரப்பு வெட்னவங்க கீறாங்க. அச்சரப்பாக்கத்து ரோட்டுக்கு ஜல்லி ஒடச்சவங்க கீறாங்க, உங்க ஆயாவோட நானே ஒடச்சி கீறேன்" என்றார். "தங்கத்த அடிச்சவ நீதான்டி மொதல்ல."

பவித்ரா அழுதாள், கல்யாணப் பெண் என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை. அத்தை அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, பக்கத்திலிருந்த பெண்களைக் கூப்பிட்டு அந்தக் கோணலை ஒவ்வொருவருக்காகக் காட்ட ஆரம்பித்தார். அதில் இரண்டு பேர் அடுத்த மாதமே சூட்கேஸ்களுக்கு நடுவே நுழைந்து மாடி ஏறி வந்து, நகையைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டது, "சுத்தி எங்க?"

ஆனால் அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கும்போது, அத்தை என்னைக் கண்டுகொண்டார். பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சாய்ந்து கேட்டார்:

"அதெல்லாம் சரிம்மா. எத்தினி சவரன் அது?"

சொன்னேன். மில்லிகிராம் வரைக்கும் சொன்னேன்.